ஏழு தட்டு, ஒரு பச்சை

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் பூக்கடைகளுக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் இரண்டாவது அறை பிரம்மநாயகத்தின் அலுவலகம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் படியேறி வந்த பெண் நாற்காலியில் உட்கார மறுத்தாள். கையிலிருந்த காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

"இதுல நான் பொய் எழுதிக் குடுத்திருக்கேனாம் அண்ணாச்சி. என்ன பொய்னு எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்க வாசிச்சுச் சொல்லுங்க."

அவள் பெயர் விஜயராணி. வீடு தாராவியில். வேலை தேவ்நார் பக்கம் ஒரு சலவை ஆலையில். ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் விரிப்பு எல்லாவற்றையும் மலைமலையாகத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம் அது. காலை ஷிப்டில் பதினொரு பெண்களுக்கு இவள்தான் தலைவி. போன செவ்வாய்க்கிழமை அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியான ஆறுமுகத்தாயின் வலது கை, விரிப்பு தேய்க்கும் ரோலரில் போய்விட்டது. இருபத்து நான்கு வயசுப் பெண். மூன்று விரல்கள் இல்லை.

மூன்று விரல் போன பிறகு ஒரு நிர்வாகம் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லிவிடும். இந்த நிர்வாகம் அன்றைய மெஷின் சோதனைப் படிவத்தைப் பிரிண்ட் எடுத்தது. எடுத்ததைப் போலீசில் கொடுத்தது. மேஜைமேல் கிடந்தது அதன் நகல்தான்.

பிரம்மநாயகம் இருபத்தைந்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து நடந்த இடங்களைப் பார்த்து அறிக்கை எழுதியவர்; இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறார். தீப்பிடித்த கிடங்கு, இடிந்த சுவர் எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு பார்ப்பார். அவருக்கும் சேர்த்துக் கோபப்படத்தான் ஸ்வீட்டியை வேலைக்கு வைத்திருக்கிறார் என்று கீழே பூக்கடைக்காரர்கள் சொல்வதுண்டு. ஸ்வீட்டி டோம்பிவிலியிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவள். தூத்துக்குடிக் குடும்பம், பிறந்தது இங்கே. தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், கோபத்தை மட்டும் தங்குதடையில்லாமல் பேசுவாள்.

"வாசிம்மா," என்றார் பிரம்மநாயகம்.

ஸ்வீட்டி ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி ரெண்டு நிமிஷம். மெஷின்: ரோலர். நிரப்பினது விஜயராணி. தண்ணிக் குழாய் சரியா, ஆம். ஸ்டீம் சரியா, ஆம். பெல்ட், தரை, வயர், தீயணைக்கிற சிலிண்டர், ஆஃப் ஸ்விட்ச், எல்லாம் ஆம். அப்புறம் ரிமார்க்ஸ்னு ஒரு பெட்டி, காலியா இருக்கு. அதுக்குக் கீழே, விரல் காப்புக் கம்பி பொருத்தியிருக்கா, ஆம். கடைசியா இதைத் தொட்டது விஜயராணி, அதே ஏழு ரெண்டு. அவ்வளவுதான் சார்."

விஜயராணியின் முகம் சுருங்கியது. "கம்பியா? கம்பி இருக்குன்னா போட்டிருக்கு? ரோலருக்கு முன்னால இடுப்பு உயரத்துல ஒரு கம்பி உண்டும் அண்ணாச்சி. விரல் தெரியாம உள்ள போனா அதுல இடிக்கும், மெஷின் டக்குனு நின்னுரும். நாலு விரிப்புக்கு ஒருக்கா சும்மாவே நிக்குதுன்னு ஞாயித்துக்கிழமை மேனேஜர்தான் அதைக் கழட்டச் சொன்னாரு. நான் கேட்டேன். 'ஓட்டல் ஆர்டர் முடியட்டும், ரெண்டு நாள் ஓட்டும்மா'ன்னாரு. இல்லாத கம்பியை இருக்குன்னு நான் எதுக்கு எழுதப் போறேன்?"

"மேனேஜர் என்ன சொல்றார்?"

"கம்பி இருக்குன்னு நானே எழுதிக் குடுத்தேனாம். அப்புறம் நாங்களே வேகமா ஓட்டணும்னு கழட்டிட்டோமாம். திங்கக்கிழமை பதினொரு மணிக்கு ஸ்டேசனுக்கு வரச் சொல்லியிருக்காவ. எம்மேலதான் கேசு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஸ்வீட்டி விஜயராணியின் பக்கம் திரும்பினாள். "மத்த பொண்ணுங்க யாரும் வாயைத் திறக்கலையா?" என்று கேட்டாள்.

"எல்லாம் கான்ட்ராக்டு, பிள்ள. வாயத் தொறந்தா மறுநாள் கேட்டுல நிப்பாட்டிருவாவ. அவளுவளைக் குத்தம் சொல்ல மாட்டேன்." விஜயராணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "போலீசு பிடிச்சாப் பிடிக்கட்டும் அண்ணாச்சி. ஆறுமுகத்தாய் எங்க தெருதான். அவ அம்மை முருகம்மாளும் நானும் ஒரே குழாயில தண்ணி பிடிக்கோம். நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனா, அம்மைக்காரி என் மூஞ்சில கதவைச் சாத்திட்டா. உள்ளயிருந்து அந்தப் பிள்ள கேக்கா, 'கம்பி இருக்குன்னு நீயாக்கா எழுதிக் குடுத்த?' அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம நான் எந்த மூஞ்சியோட அந்தத் தெருவுல நடக்க?"

பிரம்மநாயகம் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். "வாசிக்கத் தெரியாதுங்கிறீங்க. அப்போ தினமும் எப்படி நிரப்புவீங்க?"

"கையால. ஆபீசு டேப்லெட்டுல பேரைத் தொட்டா வரும். ஏழு தட்டு, ஒரு பச்சை. மேனேஜர்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தாரு. பாதிப் பொம்பளைக்கு இங்கிலீசு தெரியாதுலா. எதாவது கோளாறுன்னா தட்டாம அவரைக் கூப்பிடணும்." அவள் முதல்முறையாக மேஜையருகே வந்து ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழாக ஏழு இடம் தட்டினாள். பிறகு உள்ளங்கை அகலத்துக்கு இடம் விட்டு, "இது எழுதுற பெட்டி, இதைத் தொடக் கூடாது," என்று சொல்லி, அதை ஒட்டிக் கீழே ஒரு தட்டுத் தட்டினாள். "பச்சைப் பட்டன். அதைத் தொட்டா படிவம் போயிரும்."

அவள் போன பிறகு ஸ்வீட்டி பொரிந்து தள்ளினாள். "இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? எவனோ அவங்க பேர்ல உள்ளே போய் மாத்தியிருக்கான்."

"மாத்தினா 'கடைசியாத் தொட்டது' ஏழு ரெண்டுன்னு இருக்குமா?"

ஸ்வீட்டி காகிதத்தை மறுபடி பார்த்தாள். இங்கே வருவதற்கு முன் இரண்டு வருஷம் இதே மாதிரி மென்பொருளைக் கம்பெனிகளுக்குப் பொருத்திக் கொடுக்கும் வேலையைத்தான் அவள் பார்த்திருந்தாள். "இருக்காது சார். ஒருத்தர் நிரப்பினதை இன்னொருத்தர் தொட்டா, யார் தொட்டா, எத்தனை மணிக்குத் தொட்டான்னு அதுவே எழுதிக்கும். அதை ஏமாத்த முடியாது."

"அப்போ பூட்டின அறை. உள்ளே யாரும் போகலை. ஆனா உள்ளே இருந்த சாமான் மாறியிருக்கு." பிரம்மநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் படிவத்தை யாரும்மா வரையறாங்க?"

"யாரும் வரைய வேண்டாம் சார், அதான் அதுல சௌகரியமே. என்னென்ன கேட்கணும்னு ஒரு பட்டியல் போட்டுட்டாப் போதும். படிவத்தை மென்பொருள் தானே வரைஞ்சுக்கும். ஒரு கேள்விக்கு ஒரு கட்டம்."

"எப்போ வரையும்?"

"ஒவ்வொரு தடவை திறக்கும்போதும். பதில்கள்தான் உள்ளே இருக்கும், படிவம் அப்பப்போ வரையறதுதான். அதை விடுங்க சார், அவங்க பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்னு கேட்போம்."

பிரம்மநாயகம் அதை விடவுமில்லை, மேற்கொண்டு பேசவுமில்லை. ஆலை முதலாளி மன்சூர் அலிக்குப் போன் போட்டார். பழைய ஒரு தீ விபத்தில் இருவருக்கும் பழக்கம். "தாராளமா வந்து பாருங்க. எங்க ரெக்கார்டு சுத்தமா இருக்கு," என்றார் மன்சூர் அலி.

மதியம் ஆலையில் அவர்களை வரவேற்றது மேனேஜர் மிக்கேல்ராஜ். செம்பூரில் சொந்த ஃபிளாட், சட்டைப்பையில் மூன்று பேனா, வாய் நிறைய 'சார்'. இதே ஆலையில் துணி மடிக்கும் ஆளாகச் சேர்ந்து மேலே வந்தவன் என்று கேட் வாட்ச்மேன் சொல்லியிருந்தான். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, அவனே ரோலரைக் காட்டினான். பிளாஸ்டிக் விரிப்பால் மூடிக் கிடந்தது. இயந்திரத்தின் பக்கவாட்டில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. அதற்குக் கீழே பெயின்டில் 'ஜூன் 9' என்று எழுதியிருந்தது.

"பூஜை போட்ட தேதியா?" என்று கேட்டார் பிரம்மநாயகம்.

"ஆமா சார். வந்து இறங்கின அன்னைக்கே போட்டோம். அதுக்கு முன்னால எல்லாம் கை இஸ்திரிப் பெட்டிதான்."

"டேப்லெட் எப்போ வந்துது?"

"அது ஜனவரி." மிக்கேல்ராஜின் குரலில் பெருமை ஏறியது. "நான்தான் சார் கொண்டுவந்தேன். முதல் ரெண்டு மாசம் எல்லாப் படிவத்தையும் நானே நிரப்பிக் காட்டினேன். இந்தப் பொம்பளைங்களுக்குப் பழக்குறதுன்னா சும்மாவா?"

"கேள்விகளை நடுவுல மாத்தினீங்களா?"

"முதல் நாள்லேர்ந்து இதே எட்டுக் கேள்விதான் சார். எதுவும் மாறலை. விஜயராணி நல்ல பொம்பளைதான், நான் இல்லைங்கலை. பயத்துல பேசுறா. ஆனா எழுதிக் குடுத்தது குடுத்ததுதானே?"

ஸ்வீட்டி டீயை அப்படியே கீழே வைத்தாள். அந்தக் கரிசனக் குரலைக் கேட்கக் கேட்க அவளுக்குக் கண் சிவந்தது. பிரம்மநாயகம் டீயை முழுக்கக் குடித்தார். "அன்னைக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நீங்கதானா?"

"வேற யாரு? ஒன்பது நாற்பதுக்கு விபத்து. அதுலேர்ந்து அரை மணி நேரம் செல்போனைக் காதைவிட்டு எடுக்கலை சார். மாத்தி மாத்தி அடிச்சேன். வரவே இல்லை."

கேட்டில் ஆலை வேனுக்குப் பக்கத்தில் டிரைவர் அல்தாப் நின்றிருந்தான். அவனிடம் இந்தியில் பேச்சுக் கொடுத்தது ஸ்வீட்டி. பேச்சுக்கொடுக்க அவசியமே இருக்கவில்லை. நாலு நாளாகக் கேட்க ஆள் இல்லாமல் வைத்திருந்ததை அவன் கொட்டித் தீர்த்தான். டீசல் திருடிவிடுவான் என்று வேன் சாவியை மேனேஜர் தன் மேஜை டிராயரில்தான் வைத்திருப்பார். அன்றைக்குப் பெண்கள் ஆறுமுகத்தாயைத் துணியில் சுற்றிக் கேட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். வேன் நிற்கிறது, டிரைவர் நிற்கிறான், சாவி இல்லை. மேனேஜர் செல்போனுக்கு மூன்று தடவை அடித்தான். மூன்று தடவையும் மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. அவன் தன் போனை நீட்டிக் காட்டினான். பத்து எட்டு, பத்து ஒன்பது, பத்து பத்து.

"அப்புறம் மாடிக்கு ஓடினேன்," என்றான் அல்தாப். "சாவி கொடுங்க சாப்னு கத்தினேன். கம்ப்யூட்டர்ல எதையோ தட்டிக்கிட்டிருந்தாரு. தலையைத் தூக்காம 'தோ மினிட்'னாரு. ரெண்டு நிமிஷமாம். கீழே ஓடி ரோட்டுல போன ஆட்டோவை மறிச்சு ஏத்தினேன்."

திரும்பும் பஸ்ஸில் ஸ்வீட்டி அழுதுவிட்டாள். துக்கமில்லை, சுத்தமான ஆத்திரம். "ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு ஒரு உசிரு கேட்டுல கிடக்கு, இவன் அங்க உக்காந்து என்னத்தத் தட்டினான் சார்?"

"அதைத்தான் திங்கட்கிழமை பார்க்கணும். அந்த மென்பொருளுக்கு சர்வீஸ் பண்ற பையன் பேர் என்ன சொன்னாங்க, சைஃபா? பத்து மணிக்கு ஆலைக்கு வரச் சொல்லு. சப்-இன்ஸ்பெக்டரையும் மன்சூர் அலி அங்கேயே வரவழைக்கட்டும்."

"முதலாளி வரவழைப்பாரா?"

"ரெக்கார்டு சுத்தமா இருக்குன்னு நம்புறவர் வரவழைக்காம இருக்க மாட்டார்."

திங்கட்கிழமை காலை மேனேஜர் அறையில் எல்லோருக்கும் நாற்காலி போதவில்லை. மன்சூர் அலி நடுவில். பக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டர், அவருக்கு ஸ்வீட்டி இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் சைஃப். சுவரோரம் விஜயராணி நின்றாள், கதவருகே அல்தாப். மிக்கேல்ராஜ் எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினான். யாரும் குடிக்கவில்லை.

"மிக்கேல்ராஜ் சார்," என்றார் பிரம்மநாயகம், "சனிக்கிழமை என்கிட்ட சொன்னதை முதலாளி முன்னால ஒரு தடவை சொல்லுங்க. படிவத்துல கேள்வி எப்போவாவது மாறியிருக்கா?"

"இல்லை சார். ஜனவரியிலேர்ந்து இதே எட்டுதான்."

"சரி. சைஃப், ஜனவரியில இவரே நிரப்பினது ஏதாவது ஒண்ணைத் திறந்து பிரிண்ட் எடுங்க."

மிக்கேல்ராஜ் பாதி எழுந்தான். "அது எதுக்கு சார், பழசு..." அதற்குள் காகிதம் வந்துவிட்டது. ஸ்வீட்டி வாசித்தாள். ஜனவரி பத்தொன்பது. நான்காம் நம்பர் மேஜை. நிரப்பியவர் மிக்கேல்ராஜ். ஏழு கேள்வி, ஏழு ஆம். ரிமார்க்ஸ் காலி. அதற்குக் கீழே இருந்ததை அவள் சத்தமாக வாசித்தாள்.

"விரல் காப்புக் கம்பி பொருத்தியிருக்கா. ஆம்."

"நாலாம் நம்பர் மேஜையில ஜனவரியில என்ன இருந்துது?" என்று கேட்டார் பிரம்மநாயகம்.

பதில் சொன்னது மன்சூர் அலி. "கை இஸ்திரிப் பெட்டி. இஸ்திரிப் பெட்டிக்கு ஏதுய்யா கம்பி? ரோலரே ஜூன்லதானே நான் வாங்கினேன்."

"அதான் நானும் கேட்கிறேன். எட்டாவது கேள்வி ஜனவரியிலேயே இருந்துதுன்னா, இஸ்திரிப் பெட்டிக்குக் கம்பி இருக்குன்னு இவர் பொய் எழுதியிருக்கார். அப்போ இவர் எழுத்துக்கே மதிப்பில்லை. இல்லை, ஜனவரியில அந்தக் கேள்வியே கிடையாதுன்னா, கேட்காத கேள்விக்கு இவர் பதில் சொன்ன மாதிரி காகிதம் காட்டுது. அப்போ விஜயராணி காகிதத்துக்கும் அதே கதைதான். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க மிக்கேல்ராஜ்."

மிக்கேல்ராஜ் சட்டைப்பைப் பேனாக்களைச் சரிசெய்தான். ஸ்வீட்டி தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். சனிக்கிழமை அவளே தன் வாயால் சொல்லிக் கொடுத்த விஷயம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள்.

"பதிவை யாரும் தொடலை," என்றார் பிரம்மநாயகம், சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி. "தொட்டிருந்தா மாட்டியிருப்பாங்க. தொட்டது கேள்விப் பட்டியலை. இந்த மென்பொருள் படிவத்தை வச்சிருக்காது, திறக்கும்போதெல்லாம் புதுசா வரையும். இன்னைக்குப் பட்டியல்ல ஒரு கேள்வி சேர்த்தா, போன வருஷத்துப் படிவத்தைத் திறந்தாலும் அந்தக் கேள்வியையும் சேர்த்தே வரையும். பதில் இல்லாத இடத்துல, 'பதில் இல்லைன்னா இதைக் காட்டு'ன்னு என்ன எழுதி வச்சிருக்கோ அதைக் காட்டும். விஜயராணி அந்தக் கேள்வியைப் பார்த்ததே இல்லை."

"உங்களுக்கு எப்படி சந்தேகம் வந்தது?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இருக்கிற இடம் சரியில்லை. எந்தப் படிவத்துலயும் கேள்வியெல்லாம் முடிஞ்ச பிறகுதான் ரிமார்க்ஸ் வரும். இதுல ரிமார்க்ஸுக்குக் கீழே ஒரு கேள்வி தொங்குது. மனுஷன் வரைஞ்சா அப்படி வரைய மாட்டான். புதுசா வந்ததை வாலில் ஒட்டுறது மெஷின் புத்தி. அப்புறம் இந்த அம்மா என் மேஜையில தட்டிக் காட்டினாங்க. ஏழு தட்டு, எழுதுற பெட்டி, அதை ஒட்டிப் பச்சை. நடுவுல எட்டாவதுக்கு இடமே இல்லை." அவர் மிக்கேல்ராஜைப் பார்த்தார். "எண்ணிக்கை சொல்லிப் பழக்கினது நீங்கதான். வாசிக்கத் தெரியாதவங்களுக்கு எண்ணத் தெரியும்ங்கிறதை மறந்துட்டீங்க."

சைஃப் அதற்குள் பட்டியலின் வரலாற்றைத் திறந்திருந்தான். அவன் இந்தியில் வாசித்ததை ஸ்வீட்டி சத்தமாகத் தமிழில் சொன்னாள். எட்டாவது கேள்வி சேர்க்கப்பட்டது செவ்வாய்க்கிழமை, பத்து மணி பதினொரு நிமிஷம். சேர்த்தவர் மிக்கேல்ராஜ்.

"பதில் இல்லாத இடத்துல 'ஆம்' தானா வருமா?" என்று சைஃபிடம் கேட்டார் பிரம்மநாயகம்.

சைஃப் தலையாட்டி மறுத்தான். தானாக வந்தால் காலியாகத்தான் வரும், 'ஆம்' என்று யாராவது கையால் எழுதி வைத்தால்தான் வரும் என்றான்.

"என் பாஸ்வேர்டு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்," என்றான் மிக்கேல்ராஜ். "நான் போன்ல இருந்தேன். எவனாவது வந்து..."

"போன்ல இருந்தீங்களா? பத்து எட்டு, பத்து ஒன்பது, பத்து பத்து. மூணு தடவை அல்தாப் அடிச்சிருக்கான், மூணு தடவையும் மணி முழுக்க அடிச்சிருக்கு. நீங்க பேசிக்கிட்டிருந்தா பிஸின்னுதான் வந்திருக்கும். அப்புறம் இந்தக் கதவுல வந்து நின்னு சாவி கேட்டிருக்கான். நீங்க அந்த நாற்காலியிலதான் இருந்தீங்க. ரெண்டு நிமிஷம் கேட்டீங்க."

அல்தாப் கதவருகிலிருந்தே, "தோ மினிட்," என்றான்.

எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்பார்கள். இவன் அடுத்தவள் விரல் நசுங்கிக் கிடக்கும்போது, டிராயரில் சாவியை வைத்துக்கொண்டு, அதற்கு மேலே உட்கார்ந்து ஒரு கேள்வியைத் தட்டினான். அந்த அறையில் இருந்தவர்களில் அவன் முகத்தைப் பார்க்கச் சகித்தவர் யாரும் இல்லை.

"ஆலையை மூடிருவாங்க முதலாளி," என்றான் மிக்கேல்ராஜ், மன்சூர் அலியிடம். "கம்பி கழட்டினது தெரிஞ்சா சீல் வச்சிருவாங்க. இருநூறு பேர் பொழப்பு. அதை நினைச்சுத்தான் செஞ்சேன்."

"அந்த இருநூறு பேருல நான் இல்லையா சார்?" என்று கேட்டாள் விஜயராணி. "ஆறுமுகத்தாய் இல்லையா?"

மன்சூர் அலி கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். "எனக்கு ஒரு வார்த்தை சொன்னியாடா நீ?"

"உட்காருங்க," என்றார் பிரம்மநாயகம். குரல் உயரவில்லை. "கம்பி கழட்டினது உங்களுக்குத் தெரியாது, ஒத்துக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் ரோலர்ல விரிப்பு எத்தனை கூடுதலா வந்துதுன்னு தெரியுமில்ல? எப்படிக் கூடிச்சுன்னு கேட்டீங்களா?"

மன்சூர் அலி உட்கார்ந்தார். சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு காகிதங்களையும், பட்டியலின் வரலாறு என்று சைஃப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த மூன்றாவதையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மிக்கேல்ராஜை எழுந்திருக்கச் சொன்னார். விஜயராணி ஸ்டேஷனுக்கு வந்தது பதினொன்றரைக்கு, சாட்சியாக.

மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். விஜயராணி தனியாகப் போக முடியாது என்றாள், ஸ்வீட்டியும் கூடப் போனாள். வார்டு வாசலில் முருகம்மாள் வழியை மறித்து நின்றாள். ஸ்வீட்டி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கேள்வி எப்போது சேர்ந்தது, யார் சேர்த்தது, சாவி எங்கே இருந்தது. முருகம்மாள் நடுவில் ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நாசமாப் போவான், எம்பிள்ள ரத்தத்துல குளிச்சுக் கெடக்கையில எழுத்து வேலையா பாத்தான்?" என்றாள். பிறகு நகர்ந்து வழி விட்டாள்.

ஆறுமுகத்தாய் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நான் எழுதலைட்டீ," என்றாள் விஜயராணி. "அந்தக் கேள்வியை நான் கண்ணாலயும் பாக்கலை."

"சரி. நீ எழுதலை." ஆறுமுகத்தாய் அவளையே பார்த்தாள். "கம்பி இல்லைன்னு உனக்குத் தெரியும்லாக்கா. பொறவு ஏன் மெஷினைப் போடச் சொன்ன?"

ஸ்வீட்டிக்கு வாய்வரை பதில் வந்தது. மேனேஜர், ஆர்டர், மிரட்டல் என்று ஆயிரம் சொல்லலாம். விஜயராணி அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"தெரியும்," என்றாள் விஜயராணி. "வேலை போயிரும்னு பயந்துட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். முருகம்மாள் எதுவோ சொல்ல வந்தாள், மகள் தலையை அசைத்து நிறுத்தினாள்.

"எனக்கும் தெரியும்," என்றாள் ஆறுமுகத்தாய். "நானும் பயந்துதான் கையை விட்டேன். கோர்ட்டுல கேப்பாவ. கம்பி இல்லைன்னு தெரிஞ்சே போட்டோம், அவன்கிட்ட சொன்னோம், ஓட்டச் சொன்னான்னு மூணையும் சொல்லணும். உன் தப்பை மறைச்சுட்டு மத்ததை மட்டும் சொல்லக் கூடாது."

"சொல்லுதேன்."

"மன்னிச்சிட்டேன்னு நான் சொல்ல மாட்டேன் யக்கா. இப்ப முடியாது."

"வேண்டாம்ட்டீ."

"ஆனா கோர்ட்டுக்கு உன்கூட வாறேன்," என்றாள் ஆறுமுகத்தாய். பிறகு தண்ணீர் கேட்டாள். டம்ளரை அவள் இடது கையில் சரியாகப் பிடிக்க முடியவில்லை. விஜயராணி அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.